வேலைப் பயிற்சிக் குறிப்புகள், ஒஸ்லோ

13 ஜனவரி 2025, திங்கள்

நோர்வேயில் சுகவீன விடுப்புப் பணம் ஒரு வருடத்துக்கு மேல் கிடைக்காது என்பதால், துப்புரவு வேலையில் பழுதான தோள்மூட்டு இன்னும் குணமாகாத நான், வேலைத்திறனை மதிப்பிடும் காலத்துக்குரிய கொடுப்பனவுக்கு மாற்றப்பட்டு, முன்னைய வருமானத்தின் 66 வீதத்தில் குடும்பச் செலவைச் சமாளித்து வருகிறேன். வேலை செய்யும் ஆற்றல் பாதியாவது குறைந்திருந்தால்தான் இது கிடைக்கும். எஞ்சிய ஆற்றலுக்கு எந்த வேலை பொருந்தும் என்று பார்ப்பதற்காக, நாவ் எனப்படும் அரச வேலை, நலன்புரி அலுவலகம் என்னைப் பழைய உடுப்புகள் விற்கும் ஒரு கடைக்கு அனுப்பியிருக்கிறது. கடை சம்பளம் தராது, கொடுப்பனவு தொடரும்.

17 ஜனவரி, வெள்ளி

உடுப்புகளைத் தரம் பிரித்து விலைச்சீட்டுக் குத்தும் வேலையை மேசையோரம் இருந்தபடி செய்யும்வரை கை ஒத்துழைத்தது. ஆனால் குளிர்கால மேலங்கிகளைத் தலைக்கு மேலிருந்த கம்பியில் மாட்டத் தொடங்கியதும் நோவு முழங்கைவரை இறங்கியது. ஏலாது என்றால் வேலைக்கள்ளி என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம் எங்கள் பெண்களுக்கு ஊரிலிருந்தே கூட வந்தது. எனினும் எது முடியும், எது முடியாது என்று அறிவதற்கே இந்தப் பயிற்சி என்பதால், பொறுப்பாளரிடம் உடனே சொன்னேன். அவர் மறுபேச்சின்றிக் கம்பியை இடுப்புயரத்துக்கு இறக்கிவிட்டு, அதைத் தன் குறிப்பிலும் எழுதிக்கொண்டார்.

26 ஜனவரி, ஞாயிறு

இரண்டு கிழமைக்கு ஒருமுறை அனுப்பும் அறிக்கை அட்டையை நிரப்பினேன். பயிற்சிக்குப் போன நாட்களை அதற்கென உள்ள வரிசையில் மட்டும் அடையாளமிட வேண்டும். வேலை என்ற வரிசையில் மணித்தியாலங்களை எழுதினால், அவை சம்பள வேலையாகக் கொள்ளப்பட்டுக் கொடுப்பனவு குறைந்துவிடும்.

14 பெப்ரவரி, வெள்ளி

நாவ் ஆலோசகர் கடைக்கே வந்து எங்கள் இருவருடனும் பேசினார். நான் வந்த பிறகு உடுப்பு மூட்டைகள் தேங்குவதில்லை என்று பொறுப்பாளர் மெச்சியது மகிழ்ச்சிதான். ஆனால் தேவையான ஆள் என்றால் சம்பளமும் தேவைதானே! கடை என்னைப் பகுதிநேரமாக வேலைக்கு எடுத்தால் சம்பளத்தில் ஒரு பங்கை நாவ் ஈடுசெய்யும் ஏற்பாடு உண்டா என்று நானே கேட்டேன். உண்டு என்றார் ஆலோசகர். முதலாளியிடம் கேட்டு மாத இறுதிக்குள் எழுத்தில் பதில் தருவதாகப் பொறுப்பாளர் ஒப்புக்கொண்டார். அதுவரை, மேசையோரம் இருந்தபடி செய்யும் வேலையும் தாழ்ந்த கம்பியும் அப்படியே தொடரும்.