பங்ளா வந்ததாலதான் நம்ம பிள்ளைங்களுக்கு வேல இல்லையா?

அக்கா என்கிட்ட ரெண்டு வாரமா பேசல. அவங்க மகன நாந்தான் சொல்லி எங்க ஃபேக்டரியில சேத்துவிட்டேன், அஞ்சு வாரத்துல நின்னுட்டான். பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட்ல போட்டாங்க, ஞாயித்துக்கெழமையும் வரச்சொன்னாங்க, அவன் எல்லா ஞாயிறும் முடியாதுன்னு சொன்னான், அடுத்த வாரமே அந்த மெஷின்ல ஒரு பங்ளாதேஷ் பையன் நின்னுக்கிட்டு இருந்தான். "பங்ளாவ கூட்டியாந்து வச்சிக்கிட்டு நம்ம பிள்ளைங்கள தொரத்துறீங்க, நீயும் அதுக்கு உடந்த"ன்னு அக்கா போன்ல சொன்னாங்க. அந்த வார்த்த எனக்கு தூக்கத்த கெடுத்துருச்சு, அதான் எழுதறேன்.

நான் மலேசியாவுல, கிள்ளான் கிட்ட மேரு பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஃபேக்டரியில சம்பளக் கணக்கு பாக்குறேன், 14 வருஷமாச்சு. வெளிநாட்டு ஆளுங்களோட வேல பெர்மிட் புதுப்பிக்கிறது, அவங்களுக்காக அரசாங்கத்துக்கு லெவிங்கற வரி கட்டுறது, ஃபோமீமா மெடிக்கலுக்கு ஆள் அனுப்புறது, ஹாஸ்டல் வாடக, எல்லா பில்லும் என் மேசைக்குதான் வரும். அதனால வெளிநாட்டு ஆளுக்கு எவ்ளோ செலவாகுது, உள்ளூர் ஆளுக்கு எவ்ளோ செலவாகுதுன்னு எனக்கு மனப்பாடம். கேட்டா ஆச்சரியப்படுவீங்க, காயிதத்துல பாத்தா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் கெடையாது.

2025 பிப்ரவரியிலேர்ந்து குறைந்தபட்ச சம்பளம் மாசம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), இங்க பொறந்தவனுக்கும் அதான், டாக்காவுலேர்ந்து வந்தவனுக்கும் அதான். உள்ளூர் ஆளுக்கு மொதலாளி ஈபிஎஃப்ங்கற சேமநிதிக்கு 13 விழுக்காடு கட்டணும், மாசம் 221 வெள்ளி, வருஷத்துக்கு 2,652. வெளிநாட்டு ஆளுக்கு 2025 அக்டோபர் வரைக்கும் ஈபிஎஃப் கட்டாயமே இல்ல, ஆனா லெவி வருஷத்துக்கு 1,850 வெள்ளி, 2018லேர்ந்து அத மொதலாளிதான் கட்டணும், சம்பளத்துல புடிக்கக் கூடாது. அதுக்கு மேல பெர்மிட், மெடிக்கல், தங்குற எடம், தண்ணி, கரண்ட். கூட்டிப் பாத்தா சில வருஷம் வெளிநாட்டு ஆளுக்குத்தான் கூட வரும்.

அப்பறம் ஏன் மொதலாளிங்க அவங்களத்தான் கேக்குறாங்க? அவன் போக முடியாது. அவ்ளோதான் விஷயம். பெர்மிட்ல ஒரு மொதலாளி பேரு இருக்கு, அந்த எடத்த விட்டு வெளிய போனா அவன் சட்டவிரோதமா ஆயிருவான். பக்கத்து ஃபேக்டரியில நூறு வெள்ளி கூட குடுக்குறாங்கன்னு அவனுக்கு தெரியும், போக முடியாது. ஊர்ல ஏஜென்டுக்கு பங்ளாதேஷ் காசுல நாலு லட்சம் அஞ்சு லட்சம் டாகா குடுத்துட்டு வந்திருக்கான், நெலத்த அடகு வச்சிருக்கான், மொத ரெண்டு வருஷ சம்பளம் அந்த வட்டிக்கே போகுது. ஓவர்டைம் மாசத்துக்கு 104 மணி நேரம்னு சட்டத்துல எல்ல இருக்கு, எங்க பசங்க பாதிப் பேரு அந்த எல்லைய முட்டிக்கிட்டுத்தான் நிப்பாங்க. பிள்ளைக்கு காய்ச்சல்னு லீவு கேக்க பிள்ள இங்க இல்ல. அம்மா செத்துட்டாங்கன்னு போன் வந்து, கண்ணத் தொடச்சிட்டு ஷிஃப்ட முடிச்ச பையன நான் பாத்திருக்கேன், டிக்கெட் காசு இல்ல.

அக்கா மகனுக்கு பொண்டாட்டி இருக்கா, ஒரு வயசுல கொழந்த இருக்கு, வாரத்துல ஒரு நாள் வீட்ல இருக்கணும்னு கேட்டான். அது சோம்பேறித்தனம் இல்ல. "லோக்கல் பசங்க சோம்பேறிங்க"ன்னு ஆபீஸ்ல சொல்றப்பெல்லாம் எனக்கு ஆத்திரமா வரும். மனுஷன் வாழுற மாதிரி ஒரு வேல நேரத்த கேட்டான், அப்டி கேக்க முடியாத ஆளு ஒருத்தன் கையில இருக்கறப்ப எந்த மொதலாளி அவன வச்சிப்பாரு?

அதே நேரத்துல அக்கா சொல்றது முழுசா தப்புன்னும் என்னால சொல்ல முடியல, அத மறைக்கக் கூடாது. 2020ல கொரோனா வந்து நாட்டு எல்லைய மூடி புது ஆளுங்கள எடுக்கறத அரசாங்கம் நிறுத்தி வச்சிச்சு இல்லையா, அப்ப எங்க ஃபேக்டரியில என்ன நடந்துச்சுன்னு நான் கண்ணால பாத்தேன். அப்ப குறைந்தபட்ச சம்பளம் 1,200 வெள்ளி, எங்க பாஸ் அவராவே 1,500 குடுத்து உள்ளூர் ஆளுங்கள தேடினாரு, காப்பார் வரைக்கும் வேன் விட்டாரு, கைக்கொழந்த இருக்கற பொம்பளைங்களுக்கு எட்டு மணி நேர ஷிஃப்ட் தனியா போட்டாரு. பத்து வருஷமா வாங்கலாம் வாங்கலாம்னு தள்ளிப்போட்ட ரோபோ கை ரெண்டு வாங்கினாரு, மெஷின்லேர்ந்து சூடான பீஸ எடுத்து வைக்கற வேலைக்கு, அதுவரைக்கும் மனுஷங்கதான் கைய உள்ள விட்டு எடுத்துக்கிட்டு இருந்தாங்க. அப்பறம் வெளிநாட்டு ஆளுங்கள எடுக்கற கோட்டாவ தெறந்தாங்க, புது ஆளுங்க வந்து எறங்கினாங்க, ரெண்டே மாசத்துல வேன் நின்னுபோச்சு, எட்டு மணி நேர ஷிஃப்டும் போச்சு. மூணாவது ரோபோவுக்கு வாங்கின கொட்டேஷன் இன்னும் என் ஃபைல்ல இருக்கு.

ஆக சம்பளத்த அது அமுக்குது, ஆமா. கீழ்மட்ட வேலைங்கள்ல, எங்கள மாதிரி எஸ்பிஎம் வரைக்கும், அதாவது பள்ளிக்கூடத்தோட படிப்ப முடிச்ச ஆளுங்க போற வேலைங்கள்ல அமுக்குது. மேல ஆபீஸ்ல டை கட்டி ஒக்காந்திருக்கறவங்களுக்கு அது தெரியாது, அவங்களுக்கு வீடு கட்டுற கூலியும் சாப்பாட்டு வெலையும் கொறஞ்சி நன்மதான்.

இது எங்க வீட்டுக்கு புது கத இல்ல. நாங்க பொறந்தது கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்துல. அப்பா செம்பனை குலை வெட்டினாரு, அம்மா மருந்து தெளிச்சாங்க. நான் ஸ்கூல் போற வயசுல லயத்துல காலியா கெடந்த வீடுங்கள்ல இந்தோனேசியாக்காரங்க வந்து ஏறினாங்க, கண்டிராக்டர் கூட்டியாந்த ஆளுங்க. யூனியன் போட்ட சம்பள ஒப்பந்தம் தோட்டம் நேரடியா வச்சிருக்கற ஆளுங்களுக்குத்தான், கண்டிராக்ட் ஆளுக்கு கெடையாது. சம்பளம் ஏத்தக் கேட்டு அப்பா பெரட்டுல, காலையில ஆள் கணக்கெடுக்கறப்ப, நின்னு பேசினப்ப தோட்டத்து கணக்கர் கிராணி சொன்ன பதிலு, "நீ இல்லன்னா அந்த நிரைய அவன் வெட்டுவான்." அப்பறம் தோட்டத்தையே வித்துட்டாங்க, இப்ப அது தாமான், வரிசையா வீடு கட்டின குடியிருப்பு. எங்களுக்கு கெடச்ச காசு ஒரு பழைய மோட்டார் வாங்க பத்துச்சு. கிள்ளான் வந்து அப்பா ஜாகா வேலைக்கு, அதான் காவக்கார வேலைக்கு போனாரு, கொஞ்ச வருஷத்துல அந்த கேட்டுக்கும் நேப்பாளிங்க வந்தாங்க. ஒரே மனுஷனுக்கு ரெண்டு தடவ.

ஆனா அப்பா ஒரு நாள் கூட அந்த இந்தோனேசியாக்காரங்கள திட்டி நான் கேட்டதில்ல. ஏன்னா அவரோட அப்பா யாரு? சேலம் பக்கத்துலேர்ந்து கங்காணி கூட்டியாந்த ஆளு. அன்னிக்கு மலாயாவுல மலிவா கெடைக்கற, எங்கயும் போக முடியாத வெளிநாட்டு ஆளு நாமதான். 1930கள்ல ரப்பர் வெல விழுந்தப்ப சம்பளத்த வெட்டினாங்க, ஆயிரக்கணக்கான ஆளுங்கள கப்பல்ல ஏத்தி திருப்பி அனுப்பினாங்க, வெல ஏறினதும் திரும்ப கூப்பிட்டாங்க. 1941ல இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள்ல பெரிய ஸ்ட்ரைக் நடந்துச்சு, ஆர்.எச்.நாதன் முன்ன நின்னாரு. அவங்க கேட்டதுல முக்கியமானது, அதே வேல செய்யற சீனத் தொழிலாளிக்கு குடுக்கற சம்பளத்த எங்களுக்கும் குடுங்கறது. இன்னொன்னு, வெள்ளக்கார தொர எதிர வந்தா சைக்கிள விட்டு எறங்கணும்ங்கற வழக்கத்த நிறுத்துங்கறது. நாதன புடிச்சி இந்தியாவுக்கு நாடு கடத்தினாங்க, பட்டாளம் வந்து சுட்டுச்சு, நம்ம ஆளுங்க செத்தாங்க. அந்த ஸ்ட்ரைக்க படிக்கறப்பெல்லாம் எனக்கு தோணும், அன்னிக்கு அந்த சீனத் தொழிலாளி வீட்லயும் யாராச்சும் "இந்த தமிழன் வந்து கூலிய கெடுத்துட்டான்"னு பேசியிருப்பாங்களே.

சுதந்திரம் வந்தப்பறமும் அது விடல. 1969ல பிரஜை இல்லாதவங்க வேல செய்ய பெர்மிட் எடுக்கணும்னு கொண்டாந்தாங்க, இங்கயே ரப்பர் மரத்துல பால் வெட்டி தலமுடி நரச்சவங்க எல்லாம் செவப்பு அடையாள கார்டோட வெளிநாட்டு ஆளு ஆயிட்டாங்க, பல்லாயிரம் பேரு கப்பல் ஏறிப் போனாங்க. எங்க தாத்தாவோட தம்பி குடும்பம் அப்டித்தான் போச்சு. பெர்மிட்டுங்கற அந்த ஒரு துண்டு காயிதத்த எங்க குடும்பம் நல்லா அறியும்.

வீட்டு வாடகைக்கு வருவோம், ஏன்னா என் பக்கத்து வீட்டுக்காரங்க பேசறது எல்லாம் இதப்பத்திதான். நான் இருக்கற ஃபிளாட்ல மூணு ரூமு வீட்ட ஒரு குடும்பத்துக்கு விட்டா 700, 800 வெள்ளிக்கு மேல கேக்க முடியாது. அதே வீட்ட ஒரு கம்பெனி ஹாஸ்டலா எடுத்தா 1,200 வரைக்கும் குடுக்குது, பன்னெண்டு பேர உள்ள போட்டு. வீட்டுக்காரரு யாருக்கு விடுவாரு? போன வருஷம் எங்க மாடியில ரெண்டு தமிழ்க் குடும்பம் வீடு மாறிப் போச்சு, லிஃப்ட்ல ஆளுக மோதிக்கறாங்க, குப்ப வழியுது, சண்ட வருது, எல்லாரும் அந்த பசங்களத்தான் திட்றாங்க. அந்த பன்னெண்டு பேரு ஆசப்பட்டா ஒரே டாய்லெட்டுக்கு காலையில அஞ்சு மணிக்கு வரிசையில நிக்கறாங்க? தொழிலாளிக்கு தலைக்கு இவ்ளோ எடம், இத்தன கழிவறன்னு சட்டத்துலயே இருக்கு, வந்து எண்ணிப் பாக்க ஆள் வர்றதுதான் கொறச்சல்.

சாப்பாட்டு வெலையில கத தலகீழு. 2018ல அப்ப மனிதவள அமைச்சரா இருந்த குலசேகரன், அடுத்த ஜனவரியிலேர்ந்து உணவகங்கள்ல உள்ளூர் ஆளுங்கதான் சமைக்கணும்னு சொன்னாரு, நம்ம கடக்காரங்களே கொதிச்சுப் போய் எதிர்த்தாங்க, அவரு பின்வாங்கிட்டாரு. பினாங்குல அதுக்கு முன்னாடியே 2016ல அங்காடிக் கடைங்கள்ல வெளிநாட்டுக்காரங்க சமைக்கக் கூடாதுன்னு கொண்டாந்தாங்க, அங்க சாப்பாட்டோட ருசிதான் அவங்களுக்கு பயம். நாங்க காலையில சாப்புடற கடையில தோச சுடறவரு தேவகோட்டைக்காரரு. டீ, காப்பி கலக்கறவரு பங்ளாதேஷ்காரரு. கேமரன்மலையில முட்டைக்கோசு பறிக்கறதும் நேப்பாள், பங்ளாதேஷ் ஆளுங்கதான். இவங்க எல்லாரும் நாளைக்கே போயிட்டா சம்பளம் ஏறும்தான், அதோட தோச வெலையும் கோசு வெலையும் ஏறும், என் சம்பளக் கணக்கு வேலையும் கூட அந்த ஃபேக்டரி தெறந்திருந்தாத்தானே இருக்கும்.

எனக்கு தோணறது இதான். ஆளு வர்றத நிறுத்து, விடு, திரும்ப நிறுத்துன்னு கோட்டாவ மாத்தி மாத்தி போட்டுக்கிட்டே இருக்கறதுல ஒண்ணும் ஆகல. 2024 மே 31ஓட பங்ளாதேஷ் ஆளுங்க வர்ற கதவ மூடினாங்க, காசு கட்டிட்டு டாக்கா ஏர்போர்ட்ல ஆயிரக்கணக்குல மாட்டிக்கிட்டாங்க, அவங்க கடன யாரு கட்டறது? அதுக்கு பதிலா அவன் பெர்மிட்ட ஒரே மொதலாளி கையிலேர்ந்து எடு. கூட சம்பளம் குடுக்கற எடத்துக்கு அவன் சட்டப்படி போகட்டும். அவன் போக முடியும்னு ஆன அன்னிக்கே அவன வச்சிக்க மொதலாளி ஞாயித்துக்கெழம லீவு குடுக்கணும், அப்ப அந்த லீவு அக்கா மகனுக்கும் கெடைக்கும். பாஸ்கிட்ட இத சொன்னா சிரிப்பாரு. நான் சொல்லியும் பாத்துட்டேன்.

அக்கா மகன் இப்ப ஜோகூர்ல இருக்கான். பாலத்த தாண்டி சிங்கப்பூர்ல ஒரு கிடங்குல வேல, ஒரு டாலருக்கு மூணு வெள்ளிக்கு மேல வருதுன்னு விடிகாத்தால நாலு மணிக்கே மோட்டார்ல கெளம்பறான். அவனுக்கும் அங்க பெர்மிட்தான். கொழந்தைய வாரத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போறான், போன ஞாயிறு அக்கா வீட்ல பாத்தேன், மெலிஞ்சு போயிருக்கான். அக்கா எனக்கு டீ போட்டுக் குடுத்தாங்க, பேசல.

2025 அக்டோபர் சம்பளத்துலேர்ந்து வெளிநாட்டு ஆளுங்களுக்கும் ஈபிஎஃப் புடிக்க ஆரம்பிச்சிட்டோம், ரெண்டு விழுக்காடு. சிலிப்ப எடுத்துக்கிட்டு அந்த பையன், அக்கா மகன் நின்ன மெஷின்ல இப்ப நிக்கறவன், என் மேசைக்கு வந்தான். தமிழும் மலாயும் கலந்து பேசுவான், என்னையும் அக்கான்னுதான் கூப்புடுவான். 34 வெள்ளின்னு இருக்கே இது என்னன்னு கேட்டான். உன் பேர்ல சேமிப்பு, உன் சம்பளத்துலேர்ந்து 34, கம்பெனி 34, ஊருக்கு போறப்ப எடுத்துக்கலாம்னு சொன்னேன். சந்தோஷமாத்தான் தலையாட்டினான். அப்பறம் உள்ளூர்க்காரரான லைன் லீடரோட சிலிப் மேசையில கெடந்தத பாத்துட்டான் போல.

"அக்கா, அவருக்கு மட்டும் கம்பெனி 221 போடுது, ஏன்?"