வதந்தி வழக்கான கதை: சூனியக்காரி என்று பழிக்கப்பட்ட பெண்கள்

நாட்டார் கதைகளில் வரும் சூனியக்காரியின் கையில் இருப்பவற்றைக் கவனித்துப் பார்த்தால், அவை அனைத்தும் வீட்டுச் சாமான்களே என்பது புலப்படும். ருஷ்யக் கதைகளின் பாபா யாகா உரலில் ஏறி அமர்ந்து, உலக்கையால் உந்திக்கொண்டு பறக்கிறாள். போன தடத்தைத் துடைப்பத்தால் அழிக்கிறாள். கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஹான்சல்-கிரெட்டல் கதையின் கிழவி அடுப்பை மூட்டிவைத்துக் காத்திருக்கிறாள். ஹோமரின் காவியத்தில் கிர்கே தறியில் நெய்தபடி பாடுகிறாள். விருந்தாக வந்தவர்களின் உணவில் மருந்தைக் கலந்து அவர்களைப் பன்றிகளாக்குகிறாள். சோறூட்டும் கைதான் நஞ்சையும் ஊட்ட முடியும், தொட்டிலை ஆட்டுகிறவள் நினைத்தால் குழந்தையின் உயிரையும் எடுக்க முடியும் என்ற அச்சமே இந்த உருவத்தின் ஊற்று என்று நான் நினைக்கிறேன். பிறப்பு, பால், நோய், பிணம் ஆகிய நான்கையும் பெண்களின் பொறுப்பில் விட்டுவிட்ட சமூகங்கள், அவற்றில் ஏதேனும் தவறும்போது பெண்களையே சந்தேகித்தன.

ஆனால் அச்சம் மட்டும் யாரையும் கம்பத்தில் கட்டி எரித்துவிடாது. அச்சம் கொலையாக மாற வேண்டுமென்றால் அதற்கு ஒரு விசாரணை அதிகாரி, எழுதிவைத்த கேள்விப் பட்டியல், வாக்குமூலத்தைப் பதிவுசெய்யும் எழுத்தர், சித்திரவதைக்கு இடம் கொடுக்கும் சட்டம் ஆகியவை வேண்டும். சூனியக்காரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பாமர மக்களின் மூடநம்பிக்கையோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். அந்த மூடநம்பிக்கையைக் கொலைக்கருவியாக்கிய படித்தவர்களைப் பற்றித்தான் நாம் கூடுதலாகப் பேச வேண்டும்.

ஏனெனில், படித்தவர்கள் ஒரு காலத்தில் இதற்கு நேர் எதிரான நிலையில் நின்றார்கள். 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ப்ரூம் மடத்தின் தலைவராக இருந்த ரெகினோ தொகுத்த திருச்சபை விதிகளில் ஒரு பகுதி இருக்கிறது. சில பெண்கள் இரவில் டயானா தேவதையோடு விலங்குகளின் மீதேறி வெகுதூரம் பறந்து செல்வதாக நம்புகிறார்கள் என்றும், அது கனவில் தோன்றும் மாயை என்றும், அதை உண்மையென நம்புவதே பிழை என்றும் அந்த விதி சொல்கிறது. பறந்தேன் என்று சொன்ன பெண்ணுக்குத் தண்டனை பாவப்பரிகாரத்தோடு முடிந்துவிடும். ஐந்து நூற்றாண்டுகள் கழித்து அதே இரவுப் பறத்தல், சாத்தானோடு செய்த உடன்படிக்கைக்குச் சான்றாக நீதிமன்றங்களில் எழுதப்பட்டது. கதை ஏறக்குறைய அதேதான். அதைக் கேட்டவர்கள் மாறிவிட்டார்கள்.

இந்த மாற்றத்தில் ஹைன்ரிஷ் கிராமர் என்ற டொமினிக்கன் துறவிக்குப் பெரும் பங்குண்டு. 1484இல் போப் எட்டாம் இன்னசென்ட்டிடமிருந்து ஆணை பெற்ற அவர், 1485இல் இன்ஸ்ப்ரூக் நகரில் ஹெலேனா ஷோய்பரின் என்ற பெண்ணையும் வேறு சில பெண்களையும் விசாரித்தார். விசாரணையில் ஹெலேனாவின் தாம்பத்திய ஒழுக்கத்தைப் பற்றியே அவர் துருவித் துருவிக் கேட்டபோது, ஆயரின் பிரதிநிதி குறுக்கிட்டு அந்தக் கேள்விகளுக்கும் வழக்குக்கும் தொடர்பில்லை என்று ஆட்சேபித்தார். நடைமுறைக் குறைபாடுகளைக் காட்டி வழக்கே கைவிடப்பட்டது; பெண்கள் விடுவிக்கப்பட்டார்கள்; ஆயர் கோல்சர் கிராமரை ஊரைவிட்டுப் போகச் சொன்னார். அங்கே தோற்ற அந்த மனிதர்தான் அடுத்த ஆண்டு ‘மல்லேயுஸ் மலெஃபிகாரும்’ (சூனியக்காரிகளுக்கான சம்மட்டி) என்ற நூலை அச்சிட்டு வெளியிட்டார். எல்லாச் சூனியமும் உடல் இச்சையிலிருந்து பிறக்கிறது, பெண்ணிடம் அந்த இச்சை ஒருபோதும் அடங்குவதில்லை என்று வாதிட்ட நூல் அது. ஒரு நீதிமன்றத்தில் எடுபடாத வாதம், அச்சு இயந்திரத்தின் துணையால் வேறு பல நீதிமன்றங்களைச் சென்றடைந்தது.

ஊர்ப்பேச்சு எப்படி வழக்காகிறது என்பதை ஒரே ஒரு பெண்ணின் கதையை வைத்து விளக்கச் சொன்னால், நான் காத்தரினா கெப்ளரைத்தான் சொல்வேன். கோள்கள் நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்று கண்டறிந்த யோஹன்னஸ் கெப்ளரின் தாய். வூர்ட்டம்பெர்க் நாட்டின் லியோன்பெர்க் என்ற சிற்றூரில், கணவன் இல்லாமல், மூலிகை மருந்துகளைத் தானே தயாரித்து வைத்துக்கொண்டு வாழ்ந்துவந்த, எழுதப் படிக்கத் தெரியாத முதியவள். 1615இல், கண்ணாடி வேலை செய்யும் ஒருவரின் மனைவியான உர்சுலா ரைன்போல்ட், பல ஆண்டுகளுக்கு முன் காத்தரினா கொடுத்த கசப்பான பானத்தால்தான் தனக்குத் தீராத நோய் வந்தது என்று சொல்லத் தொடங்கினாள். உர்சுலாவின் சகோதரன், உள்ளூர் ஆட்சியாளர் ஐன்ஹோர்ன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வாளை உருவிக் கிழவியை மிரட்டி, வைத்த சூனியத்தை எடுக்கும்படி கட்டளையிட்டான். காத்தரினாவின் குடும்பத்தார் பயந்து ஒதுங்கவில்லை. அவதூறு வழக்குத் தொடுத்தார்கள். அதாவது, முதலில் நீதி கேட்டுப் போனவர்கள் அவர்களே.

வழக்கு இழுபறியில் கிடந்த காலத்தில் ஊர் தன் நினைவுகளைத் தோண்டத் தொடங்கியது. செங்கல் சுமந்துகொண்டு போன ஒரு சிறுமிக்கு, காத்தரினா அவளைக் கடந்து போன பிறகு கை மரத்துப்போனது என்றார்கள். தன் தந்தையின் மண்டையோட்டைத் தோண்டித் தரும்படி அவள் வெட்டியானிடம் கேட்டிருந்தது வெளியே வந்தது. பிரசங்கத்தில் கேட்ட பழைய வழக்கம் ஒன்றைப் பின்பற்றி, அதை வெள்ளி பூசிய கிண்ணமாக்கி மகனுக்குக் கொடுக்க நினைத்திருக்கிறாள். வழக்கை முடித்துவைத்தால் வெள்ளிக் கோப்பை ஒன்று தருவதாக ஆட்சியாளரிடம் சொன்னது அவளுக்கே வினையாயிற்று. விசாரணையில் அவள் அழவில்லை என்பதையும் குறித்துக்கொண்டார்கள், ஏனென்றால் சூனியக்காரிக்குக் கண்ணீர் வராது என்பது அன்றைய நம்பிக்கை. வாழ்நாள் முழுவதும் அழுது தீர்த்துவிட்டதால் இப்போது கண்ணீரே மிச்சமில்லை என்று அவள் பதில் சொன்னாள். 1620 ஆகஸ்டில் மகளின் வீட்டிலிருந்து ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து அவளைத் தூக்கிச் சென்றார்கள். பிறகு பதினான்கு மாதம் சங்கிலியில் கிடந்தாள். காவலர்களுக்கான செலவும் அவள் சொத்திலிருந்தே எடுக்கப்பட்டது.

மகன் லின்ஸ் நகரிலிருந்து வந்து வாதாடினார். அந்த வாதத்தின் முறைமைதான் என்னைப் பெரிதும் கவர்கிறது. சூனியமே இல்லை என்று அவர் வாதிடவில்லை. அப்படி வாதிட்டிருந்தால் யாரும் காதுகொடுத்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனியே எடுத்து, என்ன நடந்தது, எப்போது நடந்தது, அதற்கு இயல்பான காரணம் உண்டா என்று கேட்டார். சிறுமி தன் வலுவுக்கு மீறிச் செங்கல் சுமந்தாள், கை மரத்துவிட்டது. உர்சுலா முன்பே பல மருந்துகளை உட்கொண்டு உடலைக் கெடுத்துக்கொண்டவள். சாட்சிகள் சொன்ன காலமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வானத்தை அளந்தவர், தாயின் உயிருக்காக ஒரு கிராமத்தின் வம்புப் பேச்சை அதே பொறுமையோடு அளந்தார். இறுதியில் ட்யூபிங்கன் சட்டப் பேராசிரியர்களின் கருத்துப்படி, சித்திரவதைக் கருவிகளை அவளுக்குக் காட்டி மட்டும் அச்சுறுத்தினார்கள். உடம்பிலிருந்து நரம்பு நரம்பாக உருவினாலும் ஒப்புக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை என்றாள் எழுபதைக் கடந்த அந்தக் கிழவி. 1621 அக்டோபரில் விடுவிக்கப்பட்டு, ஆறே மாதத்தில் இறந்துபோனாள்.

புகழ்பெற்ற மகன் இல்லாதவர்களின் கதியை எண்ணிப் பார்க்க வேண்டும். 1562இல் தென்மேற்கு ஜெர்மனியைத் தாக்கிய பெரும் ஆலங்கட்டி மழைக்குப் பிறகு, வீசன்ஸ்டைக் என்ற சிறு ஆட்சிப்பகுதியில் மட்டும் 63 பெண்கள் எரிக்கப்பட்டதாக அக்காலத்துத் துண்டுப்பிரசுரம் ஒன்று பதிவுசெய்திருக்கிறது. 1626 மே மாதத்து உறைபனி திராட்சையையும் பயிரையும் அழித்த பிறகு, பாம்பெர்க், வூர்ட்ஸ்பர்க் பகுதிகளில் வழக்குகள் பெருகின. விளைச்சல் பொய்த்துப் பசி வந்தபோதெல்லாம் யார் காரணம் என்ற கேள்வியும் கூடவே வந்தது. சூனியக்காரிகளின் இரவுக் கூட்டத்துக்கு உடன் வந்தவர்களின் பெயர்களைச் சொல்லும்படி சித்திரவதை அறையில் வற்புறுத்தினார்கள். சொல்லப்பட்ட ஒவ்வொரு பெயரும் அடுத்த வழக்காயிற்று. பாம்பெர்க் மேயர் யோஹன்னஸ் யூனியஸ் 1628இல் சிறையிலிருந்து மகளுக்கு இரகசியமாக எழுதிய கடிதத்தில், தான் குற்றமற்றவன் என்றும், எதையாவது கற்பனை செய்தாவது சொல்லிவிடும்படி தண்டனையை நிறைவேற்றுபவனே தன்னிடம் கெஞ்சினான் என்றும் குறிப்பிடுகிறார். ஒவ்வொரு தெருவாகச் சொல்லிச் சொல்லிப் பெயர்களைக் கேட்டிருக்கிறார்கள்.

யூனியஸ் ஆண் என்பதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் ஏறத்தாழ 1450 முதல் 1750 வரை கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அவர்களில் முக்கால் பங்கினர் பெண்கள். ஐஸ்லாந்தில் எரிக்கப்பட்டவர்களோ பெரும்பாலும் ஆண்கள். தொண்ணூறு லட்சம் பெண்கள் கொல்லப்பட்டார்கள் என்ற எண் இன்றும் சுற்றிவருகிறது. அது 18ஆம் நூற்றாண்டில் ஒருவர் மிகச் சில ஆவணங்களைக் கொண்டு பெருக்கிப் போட்ட கணக்கு. கொல்லப்பட்ட எல்லோரும் மருத்துவச்சிகள் என்பதும் ஆவணங்களில் நிற்காத கூற்றே, ஏனெனில் மருத்துவச்சிகள் பல வழக்குகளில் நீதிமன்றத்துக்கு உதவும் சாட்சிகளாகவே அழைக்கப்பட்டார்கள். இறந்தவர்கள்மீது அன்பிருக்கிறதென்றால் அவர்களின் கணக்கை ஊதிப் பெருக்கக் கூடாது. நாற்பதாயிரம் என்பதே தாங்க முடியாத எண்.

பெண்களைக் குற்றம் சாட்டியவர்களில் பெண்களும் நிறைய இருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆக்ஸ்பர்க் நகரத்து வழக்குகள் சிலவற்றில், பிரசவித்த இளம் தாய், தன்னையும் பச்சிளம் குழந்தையையும் பார்த்துக்கொள்ள வந்த முதிய பணிப்பெண்மீதே பழி போடுகிறாள். குழந்தை வாடிப்போகிறது, பால் கட்டிக்கொள்கிறது, தாய்க்குக் காய்ச்சல் கொதிக்கிறது; வீட்டுக்குள் வந்துபோகும் அந்நியமான கை அந்தக் கிழவியுடையது ஒன்றுதான். பெற்ற குழந்தை செத்துப்போவதை எந்தக் காரணமும் இல்லாமல் ஏற்றுக்கொள்வதைவிட, ஒரு முகத்தைக் காட்டிப் பழிப்பது அவளுக்கு எளிதாக இருந்திருக்கிறது. அந்தத் துயரத்தை நான் வெறுக்க மாட்டேன். அதைச் சாத்தானின் உடன்படிக்கையாக மொழிபெயர்த்து எழுதியவர்களையே வெறுக்கிறேன்.

கதைகளும் இதே காயத்தைச் சுமக்கின்றன. ஹான்சல்-கிரெட்டல் கதையின் 1812ஆம் ஆண்டுப் பதிப்பில், சாப்பாட்டுக்கே வழியில்லாதபோது பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொல்பவள் பெற்ற தாயே. பிந்தைய பதிப்புகளில் அவளை மாற்றாந்தாயாக்கினார்கள். தாய் அப்படிச் செய்வாள் என்பதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தொகுப்பாளர்கள் கருதியிருக்க வேண்டும். காட்டுக்குள்ளே சூனியக்காரி அடுப்பில் எரிந்து சாகிறாள். வீடு திரும்பினால் அந்த அம்மாவும் இறந்துபோயிருக்கிறாள். இரண்டு சாவுகளும் ஒன்றுதான் என்று கதை சொல்லாமல் சொல்கிறது. பாபா யாகா இவ்வளவு எளிதில் அடங்குகிறவள் அல்ல. வாசிலிசா என்ற சிறுமியிடம் வேலை வாங்குகிறாள், தின்றுவிடுவேன் என்று மிரட்டுகிறாள், ஆனால் சொன்ன வேலையை முடித்துவிட்டு மரியாதையாகப் பேசியவளுக்குக் கேட்ட நெருப்பைக் கொடுத்து அனுப்புகிறாள். நீதிமன்றத்தின் சூனியக்காரிக்குச் சாத்தானின் அடிமை என்ற ஒரே பாத்திரம்தான் உண்டு. நாட்டார் கதையின் கிழவிக்கோ கோபமும் அறிவும் பேரமும் நியாயமும் உண்டு. வாய்மொழி மரபு பெண்ணின் அதிகாரத்துக்கு அஞ்சியது, அதே வேளையில் அதை மதித்தும் இருந்தது.

இந்த வேட்டைக்கு ஒரு தடுப்பும் உள்ளிருந்தே வந்தது. 1610 நவம்பரில் ஸ்பெயினின் லோக்ரோன்யோ நகரில் ஆறு பேர் உயிரோடு எரிக்கப்பட்ட வழக்கின் மூன்று நீதிபதிகளில் ஒருவர் அலோன்சோ டி சலாசார் ஃப்ரியாஸ். அடுத்த ஆண்டு அவர் பாஸ்க் மலை ஊர்களுக்கு மன்னிப்பு ஆணையோடு நேரில் சென்றார். 1,802 பேர் அவர்முன் வந்து ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் 1,384 பேர் சிறுவர் சிறுமியர். சூனியத் தைலம் என்று மக்கள் கொண்டுவந்த சட்டிகளை அவர் மருத்துவர்களிடம் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார், விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், எல்லாம் போலி. சாத்தானோடு உறவு கொண்டதாகச் சொன்ன சிறுமிகளை அனுபவமுள்ள பெண்களைக் கொண்டு பரிசோதித்தபோது அதுவும் பொய்யென்று தெரிந்தது. சூனியத்தைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கும்வரை அந்த ஊர்களில் சூனியக்காரியும் இல்லை, சூனியத்துக்கு ஆளானவரும் இல்லை என்று அவர் அறிக்கை எழுதினார். 1614இல் ஸ்பானிய விசாரணை மன்றம் (மதக் குற்றங்களை விசாரித்த திருச்சபை நீதிமன்றம்) புதிய நெறிமுறைகளை வெளியிட்டது: செத்ததாகச் சொல்லப்படும் குழந்தை உண்மையிலேயே செத்ததா, பயிர் அழிந்த நேரத்தில் ஆலங்கட்டி மழை இயல்பாகவே பெய்யும் பருவமா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மாநிலம், 1782இல் தலை வெட்டப்பட்ட அன்னா கோல்டி என்ற பணிப்பெண் குற்றமற்றவள் என்று 2008இல் அறிவித்தது. ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் 2022 மார்ச் 8 அன்று, பழைய சூனியச் சட்டத்தின்கீழ் துன்புறுத்தப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் வடக்கு கானாவில், சூனியக்காரி என்று ஊரால் துரத்தப்பட்ட மூதாட்டிகள் ஒதுங்கி வாழும் முகாம்கள் இப்போதும் இருக்கின்றன. பெரும்பாலோர் கணவனை இழந்தவர்கள். சூனியக் குற்றச்சாட்டோடு தொடர்புடைய வன்முறையை ஒழிக்கும்படி ஐக்கிய நாடுகளின் மனித உரிமை மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது 2021இல்தான். அங்கேயும் பேச்சு தொடங்குவது லியோன்பெர்கில் தொடங்கிய அதே இடத்தில்தான்: ஒரு நோய், ஒரு சாவு, பழைய தகராறு, துணையில்லாத ஒரு பெண். சலாசார் கேட்கச் சொன்ன கேள்விகளை அங்கே இன்னும் போதுமானவர்கள் கேட்கவில்லை.