கூரைச் சோலார்: கொட்டேஷனில் ஜிஎஸ்டியைச் சரிபாருங்கள்

தர்மபுரி, பாலக்கோடு பக்கம் வீட்டில் சோலார் வைக்க நினைக்கிறவர்கள் பேனல் விலையில் ஆயிரம் ரூபாய்க்குப் பேரம் பேசுவார்கள். கொட்டேஷனின் கடைசியில் இருக்கும் ஜிஎஸ்டியை மட்டும் கேள்வி கேட்க மாட்டார்கள். பணம் போவதே அங்கேதான்.

பொருளும் பொருத்துவதும் ஒரே ஒப்பந்தம் என்றால், மதிப்பில் 70 சதவீதம் பொருள், 30 சதவீதம் சேவை. 2025 செப்டம்பர் 22 முதல் பொருளுக்கு 5 சதவீதம் (முன்பு 12), சேவைக்கு 18. வரிக்கு முந்தைய விலை 1,80,000 என்று வையுங்கள். 1,26,000க்கு 6,300, 54,000க்கு 9,720, ஆக 16,020. பழைய விகிதத்தில் இதுவே 24,840. மொத்தத்துக்கும் 18 போட்டு 32,400 கேட்டால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வீட்டுக் கூரைச் சோலாருக்கான மத்திய அரசுத் திட்டம் பிஎம் சூர்ய கர். அதன் மானியம் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. உச்சவரம்பு 78,000. நான்காவது கிலோவாட்டுக்கு ஒரு பைசா கிடையாது. பெரும்பாலும் முழுத் தொகையையும் முதலில் நாம் கட்ட வேண்டும்; மீட்டர் மாட்டிச் சோதனை முடிந்தபிறகே மானியம் நம் வங்கிக் கணக்குக்கு வரும்.

சிக்கல் வருவது பெரும்பாலும் பெயரில். ஈபி இணைப்பு தாத்தா பெயரில், ஆதார் பேரன் பெயரில். பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு, மானியத்துக்கு விண்ணப்பிக்கும் பிஎம் சூர்ய கர் போர்ட்டலுக்குப் போங்கள். அடுத்தது லோடு, அதாவது இணைப்புக்கு ஈபி அனுமதித்திருக்கும் கிலோவாட் அளவு. அனுமதிக்கப்பட்ட லோடு 1 கிலோவாட்டாக இருக்கும் வீட்டில் 3 கிலோவாட் சோலார் போட அதைக் கூட்ட வேண்டியிருக்கும். அதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். போர்ட்டலில் பதிவு செய்த நிறுவனமா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

3 கிலோவாட் நாளைக்குச் சுமார் 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் போலத் தரும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டுக்குத்தான் இது நன்றாகக் கட்டுப்படியாகும். தாண்டியதும் இரண்டாவது நூறு யூனிட்டுக்கான மலிவு விலை பறிபோய்விடுகிறது. 200 யூனிட்டோடு நிற்கும் வீட்டில் முதல் நூறு இலவசம், அடுத்த நூறு மலிவு. அங்கே பேனலுக்கு என்ன வேலை? கரண்டுக்குக் கொடுக்கும் மானியமே சிறிய வீட்டுக் கூரைக்குச் சோலார் வராமல் தடுக்கிறது.

பேனலுக்கு வரி குறைந்த அதே நாளில் கரண்டு எடுக்க எரிக்கும் நிலக்கரிக்கு டன்னுக்கு 400 ரூபாய் செஸ்ஸை (கூடுதல் வரியை) எடுத்துவிட்டு, ஜிஎஸ்டியை 5லிருந்து 18 ஆக்கினார்கள். 13 சதவீதம் கூடியதே என்று தோன்றும். ஆனால் டன் 3,000 ரூபாய்க்குக் கீழே விற்கும் கரிக்குக் கூடியது 390க்குள்தான், போனது 400. மலிவான கரிக்கு மொத்த வரி குறைந்தது என்பதே கணக்கு. பசுமைக்கென்று 2010இல் 50 ரூபாயாகத் தொடங்கிய வரிக்கு இப்படி ஒரு முடிவு.

கடைசியாகப் பேனல். மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதனுள் இருக்கும் செல்லும் இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும், அதாவது டிசிஆர். மலிவாகக் கிடைக்கிறதென்று வேறு பேனலை ஏற்றினால் 78,000 போச்சு. பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைக் கீழேயே படம் பிடித்து, இன்வாய்ஸோடு ஒப்பிடுங்கள். மேலே ஏற்றியபின் அதைப் பார்க்கக் கூரைக்கும் பேனலுக்கும் இடையில் தலையை நுழைக்க வேண்டும்.