விரலிடுக்கில் ஒன்றுமில்லை

எமர்ஜென்சி வார்டில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ் நான். போதையில் வருகிறவர்களில் கத்திக் கலாட்டா செய்பவர்களைப் பார்த்து எனக்குப் பெரிய பயம் கிடையாது. அமைதியாக உட்கார்ந்து, இல்லாத சிகரெட்டைப் பிடிப்பவர்களிடம்தான் கண் வைத்திருப்பேன்.

ஊமத்தை விதை தின்றுவிட்டு வந்த ஒரு பையன் அப்படித்தான். விரலை உதட்டுக்குக் கொண்டுபோய் இழுக்கிறான், சாம்பலைத் தட்டுகிறான், கீழே விழுந்துவிட்டதாக நினைத்துப் போர்வையில் தேடுகிறான். பக்கத்தில் இல்லாத நண்பனிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். "யார்கிட்ட தம்பி பேசுற?" என்று கேட்டால், நான்தான் லூசு என்பது போல ஒரு பார்வை. இதில் சுகம் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எல்எஸ்டி என்ற போதைப்பொருளை எடுத்தவருக்குச் சுவர் அலையும், நிறம் மாறும். ஆனாலும் இது மருந்து செய்கிற வேலை என்று பெரும்பாலும் உள்ளுக்குள் தெரியும். அந்தப் பையனுக்கு வந்தது டெலிரியம், அதாவது புத்தி குழம்பிப்போகும் நிலை; அதில் அது தெரியாது. ஊமத்தையில் உள்ள அட்ரோபினும் ஸ்கோபோலமினும் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் பொருளின் வேலையைத் தடுக்கின்றன. கவனத்துக்கும் நினைவுக்கும் அது வேண்டும். உடம்பிலும் அதே தடைதான்: வாய் உலரும், கண்பாவை விரியும், நாடி ஓடும், சிறுநீர் இறங்காது. சிலர் கட்டிலை உடைக்கிற மாதிரி திமிறுவதற்கு நிரம்பிய மூத்திரப்பையும் ஒரு காரணம். சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீட்டரைப் போட்டதும் பாதி அடங்கிவிடுவார்கள்.

அலர்ஜிக்குத் தரும் டைஃபென்ஹைட்ரமின் மாத்திரை அளவு மீறினாலும் இதே கதைதான். வயதானவர்களுக்குச் சில சமயம் வழக்கமான அளவே போதும்.

குடியை நிறுத்தியவருக்கு வருவது வேறு. கடைசியாகக் குடித்து 2 முதல் 4 நாட்களில் கை நடுங்கும், பூச்சி ஊர்வதாகத் தட்டிவிடுவார். அங்கேயும் நாடி வேகம்தான், குழப்பம்தான். அதனால் அக்குளைத் தொட்டுப் பார்ப்போம். குடியை விட்டவருக்கு நனைந்திருக்கும், ஊமத்தைக்காரருக்குக் காய்ந்திருக்கும். முன்னவருக்கு லோரசெபாம் போன்ற, நரம்பைத் தணிக்கும் மருந்தும் தயமின் என்ற வைட்டமினும் போகும். பின்னவருக்கு ஃபைசோஸ்டிக்மின் என்ற மாற்றுமருந்து உண்டு. அதை ஈசிஜி மானிட்டரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் ஏற்றுவார்கள்.

வீட்டார் "அங்க யாருமே இல்லடா" என்று மல்லுக்கு நிற்பார்கள். பலனில்லை. விளக்கைப் போட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறோம், மணி என்ன என்று திரும்பத் திரும்பச் சொன்னால் போதும். அப்புறம் நான் பார்ப்பது தெர்மாமீட்டரை. வியர்க்காத உடம்பில் சூடு ஏறிக்கொண்டே போகும்.