பெயர்ப்பலகை ஒருவருடையது, ஒப்பந்தம் இன்னொருவருடையது

ஒன்பது மாத அலைச்சலுக்குப் பிறகு நேற்றுதான் கையெழுத்திட்டேன். பன்னாட்டு கன்வீனியன்ஸ் ஸ்டோர் (அன்றாடப் பொருள் விற்கும் சிறு கடை) ஒன்றின் ஃபிரான்சைஸ், அதாவது அதன் பெயரில் கடை நடத்தும் உரிமை, எடுக்க நினைப்பவர்கள் என்னைப்போல் அலைய வேண்டாம் என்றே இதை எழுதுகிறேன்.

முதல் மூன்று மாதங்கள் தவறான கதவைத் தட்டியதில் போயின. நான்கு மின்னஞ்சல்களுக்குப் பதில் வராததால், விமானம் ஏறி வெளிநாட்டில் இருக்கும் தலைமையகத்துக்கே போனேன். வரவேற்பில் இருந்தவர் என் கோப்பைத் திறக்கக்கூட இல்லை. "உங்கள் நாட்டுக்கான உரிமை வேறு நிறுவனத்திடம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்" என்றார். அந்த ஒரு வரியை மின்னஞ்சலிலேயே எழுதியிருக்கலாம். இன்னும் ஆறவில்லை எனக்கு.

இந்தத் தொழிலின் அமைப்பே அதுதான். எடுத்துக்காட்டாக, செவன் இலெவன் என்ற கடைச் சங்கிலி பிறந்தது அமெரிக்காவில். இன்று தாய் நிறுவனம் ஜப்பானில். தாய்லாந்துக் கடைகளை நடத்துவது சிபி ஆல் என்ற அந்நாட்டு நிறுவனம். நமக்குக் கடை கொடுப்பது இப்படி நாட்டு உரிமம், அதாவது ஒரு நாடு முழுவதற்குமான உரிமம், பெற்ற நிறுவனம். அந்த உரிமம் போனால் நம் கடை என்னவாகும்? இந்தோனேசியாவில் உரிமம் வைத்திருந்த நிறுவனம் 2017 ஜூன் இறுதியில் செவன் இலெவன் கடைகள் எல்லாவற்றையும் மூடிவிட்டது. என் வரைவு ஒப்பந்தத்தில் இதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை.

நம் நாட்டு உரிமம் பெற்ற நிறுவனத்தில் விண்ணப்பம், நேர்காணல், இடச் சோதனை எல்லாம் சிக்கலின்றி முடிந்தன.

அடுத்த அடி ராயல்டியில், அதாவது நிறுவனத்துக்கு நாம் தரும் பங்கில், விழுந்தது. விற்பனையில் அல்ல, மொத்த லாபத்தில் (விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசம்) பாதி என்றார்கள். நியாயம்தானே என்று தலையாட்டியிருப்பேன். "விற்காமல் வீணாகும் சரக்கு மொத்த லாபக் கணக்கில் கழிக்கப்படாது" என்ற விதியை ஒப்பந்தத்தின் இணைப்பில் தற்செயலாகப் பார்த்ததால் தப்பித்தேன். கணக்குப் போடுங்கள்: 70க்கு வாங்கி 100க்கு விற்கும் பொருள் பத்தில் எட்டு விற்றால், அவர்கள் கணக்கில் லாபம் 240, அவர்கள் பங்கு 120. என் பங்கு 120இல் வீணான இரண்டின் விலை 140ஐக் கழித்தால், எனக்கு 20 நஷ்டம்! ஜப்பானில் காலாவதியாகப்போகும் உணவை விலை குறைத்து விற்பதைத் தடுத்ததற்காக, 2009இல் வணிகப் போட்டி ஆணையம் செவன் இலெவன் ஜப்பானுக்கு உத்தரவே பிறப்பித்தது. இதைச் சொன்னதும் என் எதிரில் இருந்த மேலாளரின் பேச்சு மாறியது.

அமெரிக்காவில், கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே கட்டணங்களையும் நிபந்தனைகளையும் சொல்லும் வெளிப்படுத்தல் ஆவணத்தைத் தர வேண்டும் என்பது விதி. அப்படி விதி இல்லாத நாட்டில் இருந்தால் நீங்களே கேட்டு வாங்குங்கள். இணைப்புகளையும் சேர்த்துக் கேளுங்கள். எனக்கு முதலில் வெறும் ஒப்பந்தத்தை மட்டும்தான் கொடுத்தார்கள்.

ராயல்டி விகிதத்தை ஒரு புள்ளிகூடக் குறைக்க முடியவில்லை. ஆனால் இரண்டு வரிகளைச் சேர்க்க வைத்தேன்: காலாவதியாகப்போகும் சரக்கை நான் விலை குறைத்து விற்கலாம், நாட்டு உரிமம் கைமாறினால் என் ஒப்பந்தமும் அதனுடன் செல்லும்.