புத்தகம் வாய் திறக்க வேண்டும்

யாழ்ப்பாணத்தில் நமது கல்லூரி நூலகத்தின் பின்பக்கம் ஒரு சிறிய அறை இருந்தது. உடைந்த வாங்குகளும் பழைய தேசப்படச் சுருள்களும் போட்டு வைக்கிற அறை. 1982இல் நான் ஏழாம் வகுப்பு. அந்த ஆண்டு நூலக மாஸ்டர் அந்த அறையைத் துப்புரவாக்கி, நடுவில் ஒரு நீள மேசை போட்டு, எங்களில் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டுப் புத்தகம் கட்டப் பழக்கினார். பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் கல்லூரி நாட்களைப் பற்றி எழுதச் சொன்னபோது, கிரிக்கெட் பற்றியும் இல்ல விளையாட்டுப் போட்டி பற்றியும் எழுத வேறு ஆட்கள் இருப்பார்கள், நான் அந்த மேசையைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன்.

ஏன் அந்த ஆண்டு என்று நம் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே லண்டனில் பிறந்து வளர்ந்து இந்த மலரைப் புரட்டுகிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1981இல் மே முடிந்து ஜூன் பிறந்த நாட்களில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 புத்தகங்கள், அவற்றோடு ஏட்டுச்சுவடிகள். ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் அதே நாட்களில்தான் எரிந்தது. சனிக்கிழமைகளில் அப்பா என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி அந்த நூலகத்துக்குக் கூட்டிப் போவார். வாசலில் சரஸ்வதி சிலை. சிறுவர் பகுதியில் என்னை விட்டுவிட்டு அவர் பத்திரிகை வாசிக்கப் போய்விடுவார். எரிந்ததற்குப் பிறகு அப்பா தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. அம்மா சோற்றைப் போட்டு மூடி வைத்தார். பின்னேரமும் அது அப்படியே இருந்தது.

அடுத்த ஆண்டு ஊர் கூடி நூலக வாரம் நடத்தியது. ஆயிரக்கணக்கில் புத்தகங்கள் சேர்ந்தன. எங்கள் வகுப்பிலும் நாலு பேர் இரண்டு சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போனோம். கேட்ட வீட்டில் ஒருவரும் இல்லையென்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. பள்ளிக்கூடப் புத்தகம், பழைய மாத இதழ், பஞ்சாங்கம் என்று எதையாவது கொண்டுவந்து தந்தார்கள்.

ஒரு வீட்டை மட்டும் என்றைக்கும் மறக்க முடியாது. மலாயாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்த ஒருவருடைய வீடு. அவர் காலமாகிச் சில வருடங்கள். அவருடைய மனைவி, நல்ல வயது போன ஆச்சி, அலுமாரியைத் திறந்ததும் வசம்பு வாசனையும் பூச்சி உருண்டை வாசனையும் சேர்ந்து வந்தன. ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, எங்கள் கையில் தந்தார். முதல் பக்கத்தில் அவருடைய கணவரின் பெயர், கோலாலம்பூர், வாங்கிய வருடம். எல்லாம் மைப் பேனையால் ஒரே அளவில் எழுதப்பட்ட கையெழுத்து.

"தம்பியவை, இவர் ஒரு நாளும் புத்தகத்தைப் பின்னுக்கு மடிச்சு வாசிச்சதில்லை. வாசிக்கிற ஆக்களிட்டையும் சொல்லுங்கோ, மடிக்க வேண்டாமெண்டு."

"ஓம் ஆச்சி" என்றோம். படலை வரை வந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

வந்து சேர்ந்தவற்றில் பாதி நல்ல நிலையில் இல்லை. செல்லரித்தவை, முதுகு போனவை, மட்டை கழன்றவை. அப்படியே கட்டி அனுப்பலாம் என்று யாரோ சொன்னபோது நூலக மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "எரிஞ்ச இடத்துக்குக் கிழிஞ்சதைக் குடுக்கிறதே? கட்டித்தான் குடுக்க வேணும்" என்றார். அப்படித்தான் அந்த மேசை வந்தது.

முதலில் பசை. கோதுமை மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டி படாமல் கரைத்து, சிறு நெருப்பில் வைத்துக் கை விடாமல் கிண்ட வேண்டும். வெள்ளை மாறிக் கண்ணாடிப் பதம் வரும்போது இறக்கி, துருசு ஒரு சிட்டிகை போட வேண்டும். துருசு என்றால் மயில்துத்தம், நீல நிறக் கல். அது போட்ட பசையை இராமபாணப் பூச்சி தின்னாது. நஞ்சு என்பதால் பசையை மாஸ்டர் தானே கலக்குவார். வேலை முடிந்ததும் கிணற்றடியில் கை கழுவியதை ஒவ்வொருவராகக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம்.

அப்புறம் புத்தகத்தைப் பிரிப்பது. முதுகில் காய்ந்திருக்கும் பழைய பசையை ஈரத் துணியால் ஊற வைத்து, கரண்டிக் காம்பால் மெதுவாகச் சுரண்டினால் புத்தகம் சிறு சிறு கட்டாகப் பிரிந்து வரும். ஒரு கட்டுக்கு ஃபாரம் என்று பெயர். ஒரு பெரிய தாளில் 16 பக்கங்களை அச்சடித்து மடித்தால் ஒரு ஃபாரம். பழைய புத்தகம் ஏதாவது கையில் இருந்தால் 17ஆம் பக்கத்தின் அடியைப் பாருங்கள். ஓரமாக 2 என்று சிறிய எண் இருக்கும். 33இல் 3, 49இல் 4. வாசிப்பவர் கண்ணில் படாத அந்த எண், ஃபாரங்களை வரிசைப்படுத்துகிற ஆளுக்காக அச்சுக்காரர் விட்டுவைத்த குறிப்பு. மாஸ்டர் அதைக் காட்டித் தந்த அன்று, யாரோ எனக்கென்று எழுதி வைத்த கடிதம் கையில் கிடைத்த மாதிரி இருந்தது.

தைப்பதில்தான் மாஸ்டர் விடாப்பிடியாக நின்றார். எல்லா ஃபாரத்தையும் ஒன்றாக அடுக்கி, சாக்கூசியால் பக்கவாட்டில் மூன்று ஓட்டை போட்டு இறுக்கிக் கட்டிவிடுவது சுலபம். பத்து நிமிட வேலை. ஆனால் அப்படிக் கட்டிய புத்தகம் விரியாது. வாசிக்கிறவர் பலவந்தமாக விரிப்பார், முதுகு உடையும். "புத்தகம் வாய் திறக்க வேணும்" என்பார் மாஸ்டர். அதற்கு ஒவ்வொரு ஃபாரத்தின் நடு மடிப்புக்குள்ளும் ஊசி போய் வர வேண்டும். மெழுகுதிரியில் இழுத்த நூல். முதல் ஃபாரத்தைத் தைத்து, அடுத்ததை மேலே வைத்து, கீழேயுள்ள தையலில் ஒரு கொக்கி போட்டு ஏற வேண்டும். 200 பக்கப் புத்தகம் என்றால் 12, 13 ஃபாரம். முதல் புத்தகம் தைக்க எனக்கு மூன்று பின்னேரம் எடுத்தது. இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே ஒரு கருங்கல்லை ஏற்றி, அடுத்த நாள் காலை மணி அடிக்க முன்னமே ஓடிப்போய்ப் பார்த்தேன். மேசையில் வைத்து நடுவில் விரித்தேன். கையை எடுத்த பிறகும் விரிந்தபடியே கிடந்தது.

பசை ஆறுகிற நேரத்தில் மாஸ்டர் கதை சொல்வார். தமிழ் எழுத்து 1578இல் கேரளத்துக் கொல்லத்தில் அச்சேறியதை, நம் ஊரிலேயே 1841இல் உதயதாரகை என்ற பத்திரிகை வந்ததை, 1849இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குப் போய் அச்சுயந்திரம் வாங்கி வந்ததை எல்லாம் நான் அந்த மேசையில்தான் கேட்டேன். ஈயத்தில் வார்த்த எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கித்தான் அந்த வரிகள் உண்டாயின என்று சொல்லி, தாளின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொல்வார். எழுத்து அழுத்திய இடம் லேசாகப் புடைத்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் வரி எங்கே முடிகிறது என்று தெரியும்.

என் வாசிப்பும் அங்கேதான் பிடித்துக்கொண்டது. ஃபாரம் ஃபாரமாகப் பிரித்து வைத்ததைச் சரிபார்க்கும்போது கண் வரிகளில் ஓடும். பல கதைகளை நான் 33ஆம் பக்கத்தில் தொடங்கி, முடிவை முதலில் பார்த்து, தொடக்கத்தைக் கடைசியில் வாசித்தேன். இன்னார் யார், ஏன் அழுகிறாள் என்று தெரியாமல் வீட்டுக்குப் போவேன். மிச்ச ஃபாரம் அடுத்த நாள்தான் கைக்கு வரும். அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடித்திருந்தது.

நாங்கள் கட்டியவை போய்ச் சேர்ந்தன. பொது நூலகம் 1984இல் திருத்தப்பட்டது, பிறகு போருக்குள் மறுபடி சிதைந்தது. அவற்றில் ஒன்றாவது மிஞ்சியதா என்ற கேள்வி இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த ஆச்சியின் வீட்டுப் புத்தகங்களை நினைக்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

நான் 1991இல் லண்டன் வந்துவிட்டேன். ஊரில் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய்க்கே வழியில்லாமல், ஜாம் போத்தலில் பஞ்சை வைத்துச் சொட்டு எண்ணெய் விட்டு எரிக்கிற விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். அச்சுத் தாள் வராததால் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில் வந்தன. அம்மா அப்படி ஒரு பத்திரிகைத் துண்டில் எதையோ சுற்றி, வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். உள்ளே இருந்தது என்னவென்று இன்று நினைவில் இல்லை. அந்தத் தாளை மடித்து வைத்திருக்கிறேன். நீலக் கோட்டுக்கு மேலே கறுப்பு எழுத்து. அப்படியாவது அச்சடிக்க வேண்டும், அப்படியாவது வாசிக்க வேண்டும் என்று இருந்த சனம் நாங்கள்.

1995 அக்டோபர் கடைசியில் போர் நெருங்கி, யாழ்ப்பாண நகரும் சுற்றுவட்டாரமுமான வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தபோது அம்மாவும் அப்பாவும் அரிசி, காணி உறுதி, இரண்டு உடுப்பு என்று எடுத்துக்கொண்டு போனார்கள். புத்தகங்கள் தகரப் பெட்டியில். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கூரையில் ஓடு இல்லை, பெட்டியில் மழைத் தண்ணீர் தேங்கிக் காய்ந்து, கறையான் புற்றெடுத்திருந்தது. மேலே கிடந்த ஐந்தாறு புத்தகங்கள்தான் தப்பின. 2002இல் போர்நிறுத்தத்தோடு பாதை திறந்த பிறகு ஒரு உறவினரிடம் அம்மா அவற்றில் இரண்டை எனக்கு அனுப்பினார். அதில் ஒன்று நான் பதின்மூன்று வயதில் வீட்டுக்காகக் கட்டியது.

இதை எழுதும்போது அது மேசையில் இருக்கிறது. பின் மட்டை இல்லை. தாள் தேநீர் நிறமாகிவிட்டது, ஓரத்தைத் தொட்டால் உதிரும். முதல் ஃபாரத்துக்கு ஒரு தையல் அதிகமாகப் போட்டிருக்கிறேன். நூல் அறவில்லை. நடுவில் விரித்தால், கை எடுத்தாலும் விரிந்தே கிடக்கிறது.

நான் கணினித் துறையில் வேலை செய்கிறவன். திரையை எதிரியாக நினைக்கவில்லை. ஈழத்து நூல்களை மின்வருடி (ஸ்கேன் செய்து) இணையத்தில் வைக்கிற, 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் செய்திருக்கிற வேலை பெரிய வேலை. அச்சில் எங்கும் கிடைக்காத நம்மவர் நூல்களை ரயிலில் நின்றபடி போனில் வாசித்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. ஆனால் அவர்கள் மின்வருடுவதற்கு முன் யாரோ ஒருவர் அந்தத் தாளைப் பூச்சியிலிருந்தும் மழையிலிருந்தும் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும், இல்லையா? அந்த வேலை கையால் செய்கிற வேலை.

காசு கொடுத்து வாங்கிய மின்னூல்கள் என்னிடமும் இருந்தன. ஒரு நாள் கணக்கில் ஏதோ மாற்றம், பதினான்கு புத்தகங்களைக் காணவில்லை. எழுதிக் கேட்டேன். நான் வாங்கியது வாசிப்பதற்கான அனுமதியைத்தான் என்று விதிகளைக் காட்டிப் பதில் வந்தது. காசு போனதைவிட, அதில் நான் செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்பதுதான் என்னைக் கஷ்டப்படுத்தியது. முதுகு கழன்ற புத்தகத்தைப் பார்த்தால் எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். பசை காய்ச்சுவேன். நூலில் மெழுகு இழுப்பேன். மறைந்துபோன கோப்புக்கு எந்த ஊசியைக் கொண்டு போவது?

இப்போது இங்கே நம் பெற்றோர் தலைமுறை ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நாலைந்து வருடங்களாக இது அடிக்கடி நடக்கிறது: வீட்டை விற்பதற்கு முன் பிள்ளைகள் அலுமாரியைக் காலி செய்கிறார்கள், தமிழ் வாசிக்க வராத பிள்ளைகள், எது என்னவென்று தெரியாமல் கறுப்புப் பைகளில் போடுகிறார்கள். அவர்களில் பிழை இல்லை. கடந்த மாரியில் அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். வாசலில் நாலு பை கட்டி வைத்திருந்தார்கள். குளிரில் படியில் இருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். ஊரில் சிறு அச்சகங்களில் 300, 500 பிரதி என்று அடித்த நினைவு மலர்கள், நாட்டுக்கூத்துப் பிரதி ஒன்று, கோயில் பதிகங்கள். இன்னொரு பிரதி உலகத்தில் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாதவை. அந்த வீட்டு மகள் தேநீர் கொண்டுவந்து தந்து, "அங்கிள், இதில அப்பாட எழுத்து எங்கையும் இருக்கா?" என்று கேட்டாள். தேடி எடுத்துக் கொடுத்தேன். 1974 என்று போட்டிருந்தது. அந்த ஒரு புத்தகத்தை அவள் தன்னிடம் வைத்துக்கொண்டாள்.

வேகமாக மின்வருட வேண்டுமென்றால் புத்தகத்தின் முதுகை வெட்டி ஒற்றை ஒற்றையாக இயந்திரத்தில் விடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள். நான் ஃபாரமாகப் பிரித்துத் தருகிறேன், அவர்கள் படமெடுத்த பிறகு திரும்பத் தைத்துத் தருகிறேன்.

நம் சங்கத்தாரிடம் எனக்குள்ள வேண்டுகோள் இதுதான். உங்கள் வீட்டில், அம்மா அப்பாவின் வீட்டில், மேல்மாடத்தில், கராஜில் பழைய தமிழ்ப் புத்தகப் பெட்டி இருந்தால் பைக்குள் போடுவதற்கு முன் சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள், அவர் என்னைத் தொடர்புபடுத்துவார். எந்த நிலையில் இருந்தாலும் சரி. ஊசி, நூல், மட்டை எல்லாம் எப்போதும் வீட்டில் இருக்கிறது. பசையை மட்டும் அன்றன்றைக்குக் காய்ச்ச வேண்டும். அதனால் வருவதற்கு முதல் நாள் ஒரு சொல் சொல்லிவிட்டு வாருங்கள்.