ஹமதான் கம்பளம் துவைத்த குறிப்பு: தண்ணீர் விடுவதைவிட வெளியேற்றுவதே வேலை

கம்பளம் மேற்கு ஈரானின் ஹமதான் வட்டாரத்தது. 90க்கு 150 செ.மீ., பருத்திப் பாவு (நீளவாக்கு நூல்), பருத்தி ஊடை (குறுக்கு நூல்), கம்பளி முடிச்சு. ஹமதானை அடையாளம் காண முன்பக்கப் பூவேலையைப் பார்க்க வேண்டியதில்லை, திருப்பிப் போட்டால் போதும். முடிச்சு வரிசைகளுக்கு நடுவே ஒற்றை ஊடைதான் ஓடும். அதனால் பின்புறத்தில் வெள்ளைப் புள்ளிகள் வரிசைக்கு வரிசை இடம் மாறித் தெரியும்.

10 செ.மீ. அகலத்தில் 30 முடிச்சு, நீளவாக்கில் 34. முழுக் கம்பளத்துக்கும் 1,37,000 முடிச்சுக்கு மேல். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அர்தபில் கம்பளம் (1539-40) பட்டுப் பாவில் இதைப் போல ஐந்து மடங்கு நெருக்கம். ஆனால் தினமும் கால் படும் இடத்துக்கு இந்தக் கிராமத்துத் தறி வேலைதான் தாங்கும்.

முதல் நாள் முழுக்கத் தூசி. கயிற்றுக் கட்டிலில் குப்புறப் போட்டு, பின்புறத்தை உள்ளங்கையால் தட்டியதில் நான்கு சுற்று மணல் கொட்டியது. முடிச்சின் அடியில் தங்கும் மணல்தான் நடக்க நடக்கக் கம்பளியை அறுக்கிறது. வேக்குவம் கிளீனரில் சுழலும் பிரஷ்ஷைக் கழற்றிவிட வேண்டும். அது குஞ்சத்தைச் சுற்றி இழுத்துவிடும். குஞ்சம் என்பது ஒட்டிய அலங்காரம் அல்ல, பாவின் நுனியேதான்.

இரண்டாம் நாள் சாயச் சோதனை. வெள்ளைத் துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் இரண்டு நிமிடம் அழுத்த வேண்டும். அவுரி நீலம் அசையவில்லை, செங்கல் சிவப்பும் அப்படியே. ஒரு மூலையில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, துணி இளஞ்சிவப்பானது. பின்பக்கம் பார்த்தால் அங்கே முடிச்சுகள் சற்றுப் பருமன்: பின்னாளில் வேறு கம்பளியால் பழுது பார்த்த இடம். முன்பக்கம் கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு கச்சிதம். பெரிய பரப்பில் சாயம் இறங்கினால் வீட்டில் தண்ணீரே காட்டக் கூடாது. இங்கே சிறு மூலை என்பதால், அதை மொட்டைமாடிச் சரிவின் கடைசியில் வைத்தால் அங்கே பட்ட தண்ணீர் வெளியேதான் ஓடும்.

மூன்றாம் நாள் அதிகாலை துவைப்பு. கம்பளியில் எண்ணெய்ப் பசை இருப்பதால் நனையவே கால் மணி நேரம். 20 லிட்டர் குளிர்ந்த நீருக்கு 20 மி.லி. கம்பளிக்கான திரவ சோப்பு. துணி சோப்புத்தூளில் காரம் அதிகம். கம்பளி சொரசொரப்பாகும், சாயமும் இளகும். தடவினால் வழுக்கும் திசையிலேயே மென்மையான பிரஷ், மூன்று முறை. தெளிந்த நீர் வரும்வரை அலசிவிட்டு, கடைசியாக 10 லிட்டரில் 100 மி.லி. வெள்ளை வினிகர். பிறகு அகலமான பலகையால் அதே திசையில் தண்ணீரை வழித்துத் தள்ள வேண்டும். முறுக்கவோ கொடியில் போடவோ கூடாது; ஈரப் பாரம் பாவை இழுத்துக் கம்பளத்தைக் கோணலாக்கும்.

தப்பு நடக்கும் இடம் உலர்த்தல். நிழலில், கட்டிலின் மேல், மின்விசிறிக் காற்றில், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டும், நான்காம் நாள் மாலை காய்ந்தது போலத்தான் இருந்தது. எடை போட்டால் 4.6 கிலோ, துவைக்கும் முன் 4.2. கையில் ஈரம் தெரியாமலேயே கம்பளி நிறைய நீரைப் பிடித்து வைக்கும். அந்த நிலையில் விரித்திருந்தால் பருத்திப் பாவு உள்ளேயே பூஞ்சை பூத்து இற்றுப்போகும். அப்புறம் மடித்தால் முறியும். எடை இறங்க இன்னும் ஒரு நாள் பிடித்தது.

காய்ந்ததும் கரும்பழுப்புக் கோடுகள் மற்ற நிறங்களைவிடப் பள்ளமாகத் தெரிந்தன. பூச்சி அரித்தது அல்ல. அந்த நிறத்துக்குச் சேர்க்கும் இரும்பு உப்பு காலப்போக்கில் கம்பளியைத் தின்றுவிடும். சுற்றியுள்ள பூக்கள் செதுக்கியது போல மேலெழுந்து நிற்கும் அந்த அழகு புதுக் கம்பளத்தில் கிடைக்காது. சிவப்புக்குள்ளேயே பட்டை பட்டையாக ஓடும் நிறமாற்றத்தை ஈரானில் 'அப்ராஷ்' என்பார்கள். வெவ்வேறு முறை சாயம் தோய்த்த நூல் அது, கறை என்று தேய்க்கக் கூடாது.

குஞ்சத்தின் பக்கம் இரண்டு ஊடை தளர்ந்திருந்தது. தடித்த பருத்தி நூலால், இரண்டிரண்டு பாவாகச் சேர்த்து, மூன்று ஊடை உள்ளே தள்ளிக் கொக்கித் தைத்ததில் நின்றது. பழுது மூலையின் சாயம் பக்கத்து வெண்மைக்கு ஏறவில்லை.